இரட்டைக் கொம்புக்காக ஒரு மடல்

உத்திரமேரூரில் வாழும் நமக்கு எழுத்தைப் பற்றி ஒரு பெருமிதம் உண்டு. முதற் பராந்தக சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில், குடவோலைத் தேர்தலுக்குரிய விதிகளை இவ்வூர்க் கோயிற் சுவரில் வெட்டி வைத்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் அவ்வெழுத்துகள் இடம் மாறாமல் நிற்கின்றன. அத்தகைய ஊரில் இருந்துகொண்டு, ஓர் எழுத்தை அதற்குரிய இடத்தில் நிறுத்தித் தருமாறு ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு நாம் மடல் எழுத நேர்ந்தது.

நமக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாத் அவர்கள் எண்பது வயதைக் கடந்தவர்கள். பார்வை மங்கியதால் அச்சு நூல்கள் அவர்களுக்கு எட்டாமற் போயின. வளைகுடாவிலிருந்து நம் மருமகன் கொண்டுவந்த மின்னூல் கருவி ஒன்றை அவர்களிடம் கொடுத்தோம். பலரும் அறியாத கருவி அது; காகிதம் போன்ற திரை கண்ணைக் கூசச் செய்யாது; எழுத்தை வேண்டுமட்டும் பெரிதாக்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை மின்னூலாக வழங்கியிருப்பதால் அதனையே ஏற்றினோம். சற்று நேரம் உற்றுப் பார்த்த உஸ்தாத், “தம்பி, என் கண் இவ்வளவு கெட்டுவிட்டதா?” என்றார்கள். கெட்டது கண்ணன்று. ‘மேகம்’ என்னும் சொல்லைக் கருவி ‘மகேம்’ என்று காட்டிக்கொண்டிருந்தது.

இதன் காரணத்தைப் பின்னர் அறிந்தோம். ஒருங்குறியில் தமிழ் 1991லேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால், ஒலிக்கும் வரிசையிலேயே அது எழுத்துகளைச் சேமிக்கிறது: முதலில் மகரம், பிறகு இரட்டைக் கொம்பு. கொம்பை முன்னே நகர்த்திக் காட்டுவது மென்பொருளின் கடமை. அரபியில் ஒரே ஹர்ஃபு சொல்லின் முதல், இடை, கடை என்னும் இடத்துக்கேற்ப வடிவம் மாறுவதும் இவ்வகைப் பணியே.

நாம் எழுதிய முதல் மடலில் தமிழின் தொன்மையையும் இலக்கண வளத்தையும் இரண்டு பக்கங்களுக்கு விரித்திருந்தோம். மறுமொழி இல்லை. நம் புலமையைக் காட்டினோமே தவிரக் குறையைக் காட்டவில்லை என்பது பிறகே உறைத்தது. இரண்டாம் மடலில் மூன்று சொற்களை மட்டும் எழுதி, அவை கருவியில் தோன்றும் விதத்தைப் படமெடுத்து இணைத்தோம். எழுத்துகளை முறையாக அமைக்கும் ‘ஹார்ஃப்பஸ்’ என்னும் மென்பொருள் கட்டற்று எவர்க்கும் கிடைப்பதையும், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அது பயன்படுவதையும் குறிப்பிட்டோம். அப்பெயரைக் கண்டபோது நமக்குள் ஒரு மகிழ்ச்சி: ‘ஹர்ஃப்’ நாம் நாள்தோறும் ஓதிக்கொடுக்கும் அரபுச் சொல், ‘பாஸ்’ என்றால் பார்சியில் ‘திறந்த’ என்று பொருள்.

இம்முறை மறுமொழி வந்தது: “பரிசீலனைப் பட்டியலில் சேர்த்துள்ளோம்.” அவ்வளவே. எனினும் நாம் நம்பிக்கை இழக்கவில்லை. 2016 டிசம்பரில் கிண்டில் கருவிக்கு ஐந்து இந்திய மொழிகளில் நூல்கள் வந்தபோது தமிழும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. மனம் வைத்தால் ஆகாத காரியமன்று.

நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினர். அதில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருந்த எழுத்துகளிலேயே புள்ளியும் குறியும் கூட்டிக்கொண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) அந்த அரபுத் தமிழில் பெருநூல்களே இயற்றினார்கள். அன்று எழுதுகோல் அவர்கள் கையில் இருந்தது. எவரிடமும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை. இன்று எழுதுகோல் நிறுவனத்தின் பெட்டிக்குள் இருக்கிறது. ஆகவே கேட்கத்தான் வேண்டும். கேட்பதில் இழிவு இல்லை. வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்து முதியவர் எவரேனும் இவ்வாறு திகைத்தால், அவர் கண்ணைக் குறை கூறுமுன் கருவியைப் பாருங்கள். பிழையான சொல்லைப் படமெடுத்து எழுதுங்கள். ஒருவர் மடலுக்குப் பட்டியலில் இடம் கிடைத்தது. பலர் எழுதினால் அது பட்டியலில் மேலேறக்கூடும்.

அதுவரை நாம் வாளாவிருக்கவில்லை. கணினியில் பெரிய எழுத்தில், கருவியின் திரையளவுக்கேற்பப் பக்கங்களை அமைத்து, பி.டி.எஃப். கோப்பாக ஏற்றித் தருகிறோம். அதில் எழுத்துகள் முன்பே அமைந்துவிடுவதால் கொம்பு இடம் மாறுவதில்லை. உஸ்தாத் அவர்கள் அஸருக்குப் பிறகு சில பக்கங்கள் வாசிக்கிறார்கள். முடிந்ததும் கருவியை நம்மிடம் நீட்டி, “அவர்கள் கடிதம் போட்டார்களா?” என்று கேட்கிறார்கள்.