மயிலைக்கு வந்த நண்பர்

ஓய்வு பெற்றபின் எனக்கு வாய்த்திருக்கும் உத்தியோகம், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சென்னையைச் சுற்றிக் காட்டுவது. ஊதியம் இல்லை, மனநிறைவு உண்டு. வருகிறவர்கள் பெரும்பாலும் என் வயதினர். ஆகவே வழியும் ஏறக்குறைய ஒன்றுதான். விடியலில் மயிலைக் கபாலீசுவரர், அடுத்துத் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதிப் பெருமாள், பாரிமுனையில் காளிகாம்பாள், கந்தகோட்டம். நடுவில் சிற்றுண்டி, மாலையில் கடற்கரை. காளிகாம்பாள் சந்நிதியில் 1677-ஆம் ஆண்டு சத்ரபதி சிவாஜி வழிபட்ட செய்தியைச் சொல்லும்போது என் குரல் சற்று உயர்ந்துவிடுகிறது என்று வீட்டார் கேலி செய்வர். தம்புச் செட்டித் தெருவுக்குப் பக்கத்தில் பல ஆண்டுகள் வங்கிப் பணி பார்த்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

இந்தக் கார்த்திகையில் வந்த நண்பரிடம் என் வழித்தடம் செல்லுபடியாகவில்லை. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் என்னோடு படித்தவர். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கியதுமே சொல்லிவிட்டார்.

"எங்கு வேண்டுமானாலும் கூட்டிப் போ, வருகிறேன். கோயில் மட்டும் வேண்டாம்."

காரணம் எனக்குத் தெரியும். அவர் துணைவியார் மறைந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. முதல் ஓராண்டு கோயிலுக்குப் போகாததை எவரும் தவறாக எண்ணவில்லை. ஆண்டுத் திதி முடிந்த பிறகும் அவர் போகவில்லை. வீட்டுப் பூஜை அறையைப் பூட்டிச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டார். அந்த அம்மையாரோ, திருவெண்காட்டுக்கு நான்கு கல் தொலைவில் குடியிருந்து, புதன்கிழமை தவறாமல் புதன் சந்நிதியில் விளக்கேற்றியவர். "அத்தனை விளக்குக்கும் கிடைத்த பலனைப் பார்த்தாயா?" என்று தொலைபேசியில் ஒருமுறை கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. நாற்பது வயதில் ஏதேனும் சொல்லியிருப்பேன். அறுபத்தாறில் சொல்லத் துணிவு வரவில்லை.

சரி, கோயில் இல்லாத சென்னையைக் காட்டுவோம் என்று புறப்பட்டேன். மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்தோம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அந்த நால்வரையும் சுற்றிவந்து, "பாறையை நகர்த்துகிறார்கள் என்பது முதுகைப் பார்த்தால்தான் தெரிகிறது" என்றார். விவேகானந்தர் இல்லத்தில், 1897-இல் சுவாமிஜி ஒன்பது நாள் தங்கியிருந்த கட்டடம் முன்பு அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த கிடங்கு என்று சொன்னபோது சிரித்தேவிட்டார். ரத்னா கபேயில் சாம்பாரில் மூழ்கிக் கிடந்த இட்லியை மிச்சமின்றி உண்டார். காப்பி மட்டும் தேறவில்லை. கும்பகோணத்துக் காப்பியில் வளர்ந்த நாக்குக்குப் பட்டணத்துக் காப்பி எப்போதுமே கொஞ்சம் இளைத்ததுதான்.

மறுநாள் நல்ல மழை. கடற்கரைக்குப் போக வழியில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1851-இல் தொடங்கப்பெற்ற பழைமையான காட்சிச்சாலை அது. அதன் செப்புத் திருமேனிக் கூடத்தைப் பார்க்காமல் சென்னையைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. கோயிலுக்குள் பட்டும் மாலையும் மறைத்திருக்கும் சிற்பியின் வேலைப்பாடு அங்கே முழுதாகத் தெரியும். திருவாலங்காட்டு நடராசர் முன் ஐந்து நிமிடம் நின்றோம். பிறகு நண்பர் எனக்கு முன்னே நடந்து போய் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

அது அர்த்தநாரீசுவரர். திருவெண்காட்டுத் திருமேனி. சோழர் காலத்தது. வலப்புறம் இறைவனுக்கு இரண்டு கைகள். இடப்புறம் அம்மைக்கு ஒரே கை. ஒரு பக்கம் நிமிர்ந்த தோள், மறுபக்கம் ஒசிந்த இடை. இரண்டையும் எங்கே பிரித்தான், எங்கே சேர்த்தான் என்று கண்ணால் கோடு போட இயலாது. விளக்கில்லை, பூவில்லை, மணியோசை இல்லை. பள்ளிப் பிள்ளைகள் சிலர் இரைச்சலாகக் கடந்து போனார்கள்.

நண்பர் பெயர்ப் பலகையை இருமுறை படித்தார். "எங்கள் ஊர்" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஒரு பாதியை எடுத்துவிட்டால் மற்றதும் நிற்காது போலிருக்கிறதே" என்றார். கைகூப்பவில்லை. நான் நகர்ந்து போய் வேறு சிலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணிக்கு மேல் அங்கேயே நின்றார்.

மாலையில் மழை விட்டது. என் வீடு மயிலையில். வீடு திரும்பும் வழியே மாட வீதிதான். திருக்கார்த்திகைக்கு மறுநாள் ஆதலால் வாசல்களில் அகல் விளக்குகள் வைத்திருந்தார்கள். கால் வலிக்கிறது என்று நண்பர் தெப்பக்குளத்துக் கரையில் அமர்ந்தார். கோபுரம் கண்ணெதிரே தெரிந்தது.

"பூம்பாவை எழுந்து வந்தது இங்கேதானே?" என்றார். சீகாழிப் பக்கத்துக்காரர், சம்பந்தரின் கதை அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாம்பு தீண்டி இறந்த மகளின் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்துக் காத்திருந்தார் சிவநேசர். ஞானசம்பந்தர் பதிகம் பாட, அந்தப் பெண் எழுந்து வந்தாள். "செட்டியாருக்கு ஒரு சம்பந்தர் வந்தார். எனக்கு யார் வந்தார்கள்?"

இதற்கு என்னிடம் விடையில்லை, இப்போதும் இல்லை. ஆனால் அந்தப் பதிகத்தைப் பற்றி என் மனத்தில் வெகுநாளாக இருந்த ஒன்றைச் சொன்னேன். இறந்த பெண்ணை அழைக்கையில் சம்பந்தர் தத்துவம் பேசவில்லை. பிறப்பு இறப்பு என்று ஆறுதல் கூறவில்லை. மயிலையில் நடக்கும் விழாக்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். அடியார்க்கு அமுதிடும் விழா, ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். இவற்றையெல்லாம் பார்க்காமலே போய்விடுவாயா என்றுதான் கேட்கிறார். வந்த விருந்தாளியைப் புறப்படவிடாமல் நிறுத்துகிறவர் பேசுகிற பேச்சு அது.

நண்பர் வீதி விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அறுபத்துமூவர் விழாவைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்" என்றார். "பங்குனி வந்தால் எனக்குத் தேர்வு வேலை. ஓய்வு பெற்றபின் போகலாம் என்றேன். ஓய்வு பெற்றபின் அவளுக்கு முழங்கால் வலி."

நீ உள்ளே போய் வா, நான் இங்கேயே இருக்கிறேன் என்றார். போனேன். கற்பகாம்பாள் சந்நிதியில் கூட்டம். பூம்பாவை சந்நிதியில் எவருமில்லை. அங்கே சற்று நின்றேன். திரும்பி வந்து உள்ளங்கையிலிருந்த திருநீற்றை நீட்டினேன். நெற்றியில் இடவில்லை. சட்டைப் பையிலிருந்த ரயில் பயணச்சீட்டை எடுத்து, அதில் கொட்டி, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதோடு பேச்சை விட்டுவிட்டு ராயர் மெஸ்ஸைப் பற்றி விசாரித்தார். காலையிலேயே போனால்தான் இடம் கிடைக்கும் என்றேன். மறுநாள் ஏழு மணிக்கு வரிசையில் நின்று பொங்கலும் கெட்டிச் சட்னியும் சாப்பிட்டோம். கை கழுவும்போது கேட்டார்: "அறுபத்துமூவர் எட்டாம் நாள்தானே?"

"எட்டாம் நாள். காலையில் பூம்பாவை எழும் ஐதிகத்தைக் குளக்கரையில் நடத்துவார்கள். பிற்பகலில் அறுபத்துமூவரும் புறப்பாடு. வீதி முழுவதும் நீர்மோரும் அன்னமும் கொடுப்பார்கள்."

"கூட்டம் தாங்குமா?"

"என் நண்பர் ஒருவர் வீடு வடக்கு மாட வீதியில் இருக்கிறது. மாடியில் நாற்காலி போட்டுத் தருவார்."

சரி என்றோ, இல்லை என்றோ அவர் சொல்லவில்லை. அன்றிரவு ரயிலேறிப் போய்விட்டார். ரயிலில் அறுபது நாள் முன்னதாகத்தான் முன்பதிவு செய்ய இயலும். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். மாடி வீட்டுக்காரரிடமும் இரண்டு நாற்காலிக்குச் சொல்லியாயிற்று.