பாட்டி தூக்கிய மலை!

அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கினார் என்றால் நம்புகிறோம். எழுபது வயதுப் பாட்டி ஒருவர் மலையைத் தூக்கியதை நான் கண்ணால் பார்த்தேன் சார்! அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து பிட்ஸ்பர்க் நகரில்.

2024 அக்டோபரில் அத்தை பையன் வீட்டுக்குப் போயிருந்தேன். பென் ஹில்ஸ் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பியதும், "வா மாப்ளே, பக்கத்து வீட்டு பேஸ்மென்ட்ல ஒரு ரயில்வேயே ஓடுது" என்று இழுத்துக்கொண்டு போனான் மச்சான்.

பேஸ்மென்ட் என்றால் வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறை. தண்ணீர் ஹீட்டர், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், எலெக்ட்ரிக் பெட்டி, தண்ணீர்க் குழாயின் மெயின் வால்வு எல்லாம் அங்கேதான். பக்கத்து வீட்டுத் தாத்தா சுவரோரமாக மேஜை போட்டு, அதில் ரயில் விட்டிருக்கிறார். 'எச்.ஓ.' அளவு. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. ஆறடி ஆள் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான்!

அல்டூனா பக்கம் 1854-ல் திறந்த 'ஹார்ஸ்ஷூ கர்வ்' என்ற பாதை, மலையைக் குதிரை லாடம் மாதிரி வளைத்துக்கொண்டு போகும். அதையும், அடுத்துள்ள கேலிட்ஸின் சுரங்கத்தையும் செய்து வைத்திருக்கிறார். சிவப்பும் மஞ்சளுமாக மரங்கள். அடேயப்பா!

"மலைக்குப் பின்னால் என்ன?" என்றேன் சும்மா. தாத்தா தலையைச் சொறிந்தார். பாட்டிதான் பதில் சொன்னார்.

"மெயின் வால்வு. 2009 ஜனவரியில் இவர் வெளியூரில் இருந்தார். குளிரில் குழாய் வெடித்துவிட்டது. அப்போது இருந்தது பிளாஸ்டர் மலை. மேஜையோடு ஒட்டியிருந்தது. கையை விட்டுப் பார்த்தேன், வால்வு எட்டவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. என் அம்மாவின் போட்டோ ஆல்பம் கீழ்த் தட்டில் இருந்தது..."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய தாத்தா ரம்பத்தை எடுத்துத் தன் கையாலேயே மலையை அறுத்தாராம்.

இப்போதைய மலை, கெட்டியான தெர்மோகோல் பலகைகளை அடுக்கிச் செதுக்கியது. நாலு கிலோ கூட இருக்காது. தண்டவாளம் மேஜையிலேயே இருக்க, மலை மட்டும் இட்லிப் பானை மூடி மாதிரி தனியாக வரும். இணைப்புக் கோடு தெரிய வேண்டுமே? தெரியாது! ரோட்டு ஓரம், வேலி, ஆற்றங்கரை என்று எங்கே கோடு இருப்பது இயல்போ, அங்கேதான் வெட்டியிருக்கிறார். திரும்ப வைத்தால் சரியாக உட்கார இரண்டு மர முளைகள். மலை வீடுகளின் விளக்குகளுக்கு ஒரே ஒரு பிளக். கழற்றிய மலையை வைக்க, பக்கத்திலேயே எப்போதும் காலியாக ஒரு ஸ்டாண்ட்.

எலெக்ட்ரிக் பெட்டி முன்னால் மட்டும் மலையும் கிடையாது, மேஜையும் கிடையாது. 30 அங்குல அகலம், 36 அங்குல ஆழம் காலியாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. கழற்றக்கூடிய மலை என்றாலும் செல்லாது!

"பரீட்சை வைப்பது இவள்தான்" என்றார் தாத்தா. பாட்டி பிளக்கைப் பிடுங்கினார், மலையைத் தூக்கினார், ஸ்டாண்டில் வைத்தார், வால்வில் கை வைத்தார். மச்சான் வாட்ச்சைப் பார்த்தான். இருபது விநாடி!

"எனக்கு எட்டினால் போதாது யங் மேன். நான் இல்லாதபோது வீட்டில் இருப்பவருக்கு எட்ட வேண்டும்" என்றார் தாத்தா.

எனக்குச் சுருக்கென்றது. 2023 டிசம்பர் மழையில், சென்னையில் எங்கள் வாசற்படி வரை தண்ணீர். மெயின் சுவிட்ச் இருந்தது பீரோவுக்குப் பின்னால். நான், தம்பி, மாடி வீட்டுக்காரர் என்று மூன்று பேர் மூச்சு வாங்கத் தள்ளினோம். மழை நின்றதும்? பி.காம். படித்த புத்திசாலி நான், பீரோவைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்! அன்று மனைவியும் குழந்தையும் மட்டும் இருந்திருந்தால்...?

ஊர் திரும்பி, பெட்டியைப் பிரிக்கும் முன்பே பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினேன்.

"அமெரிக்கா போய் என்ன வாங்கிட்டு வந்தீங்க?" என்றாள் மனைவி.

"முதல்ல அந்த சுவிட்சை ஆஃப் பண்ணிக் காட்டு" என்றேன்.

ஒரே எட்டில் போய் அணைத்தாள். வீடு இருட்டானது. எனக்கு நிம்மதியாக இருந்தது.