பொட்டு

கல்யாண வீடுகளில் லைட் பிடிக்கத்தான் அண்ணனிடம் சேர்ந்தேன். முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் அவர் மேக்ரோ லென்ஸோடு வயல் வரப்புக்குக் கிளம்பிவிடுவார். பின்னாலேயே நானும், டிஃப்யூசரைத் தூக்கிக்கொண்டு.

முதல் மாதம் எனக்குக் கிடைத்ததெல்லாம் வெறும் குச்சிகளின் படம். தட்டான் உட்கார்ந்திருக்கும். நான் பக்கவாட்டில் சுற்றி வருவதற்குள் பறந்திருக்கும்.

"குறுக்கே நடக்காதே தம்பி, அது கண்ணுல கோடு கிழிக்கிற மாதிரி. நேரா வா. மெதுவா வா."

மிளகளவு மண்கட்டி ஒன்றை மேலே சுண்டினார். தட்டான் விருட்டென எழுந்து அதனிடம் போய், ஏமாந்து, அதே குச்சிக்குத் திரும்பியது. வானத்துப் பின்னணியில் நகரும் சின்னப் புள்ளி என்றாலே அதற்கு இரைதான். பெரிய தட்டானின் ஒரு கண்ணில் 30,000 சில்லுகள் வரை உண்டு. மேல்நோக்கிய சில்லுகளுக்குக் கூர்மை அதிகம். அது இரையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுவதில்லை. இரை தன் பார்வையில் ஒரே இடத்தில் நிற்கும்படி பறக்கிறது, இரண்டின் பாதையும் தானாக வந்து முட்டுகிறது. நானோ கேமராவை வைத்துத் துரத்திக்கொண்டிருந்தேன். அன்று முதல் குச்சிக்கு ஃபோகஸ் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். வந்து உட்கார்ந்தது.

கும்பிடுபூச்சி அப்படிப் பறந்து ஓடாது. ஆனால் எந்தப் பக்கம் போனாலும் அதன் கண்ணில் ஒரு கறுப்புப் பொட்டு நம்மையே முறைக்கும். அது கண்மணி இல்லை. நம்மை நேராகப் பார்க்கும் சில்லுகள் ஒளியை விழுங்கிவிடுவதால் அந்த இடம் கறுத்துத் தெரிகிறது, அவ்வளவுதான். படமெடுப்பவனுக்கு அதுதான் ரசமட்டம்: இரண்டு பொட்டும் ஒத்து நின்றால் லென்ஸ் நேர்முகமாக இருக்கிறது.

செத்த ஈ ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிடச் சொன்னார். சீந்தவே இல்லை. நூலை லேசாகச் சுண்டினேன், தலை திரும்பியது. இன்னொரு சுண்டு. முன்னங்கால் போனதும் தெரியவில்லை, ஈயோடு வந்ததும் தெரியவில்லை.

எட்டும் தூரம் அதற்கு எப்படித் தெரிகிறது? நம்மைப் போல இரு கண்ணையும் சேர்த்துத்தான். 1983இல் சாமுவேல் ரோசல் அதன் கண்முன் முப்பட்டகம் வைத்து இதைக் காட்டினார். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஜென்னி ரீட் குழுவினர் ஒரு கண்ணில் நீலமும் மறு கண்ணில் பச்சையுமாகக் கண்ணாடியைத் தேன்மெழுகால் ஒட்டி, முப்பரிமாண சினிமாவே காட்டினார்கள். 2016இல் வெளிவந்த ஆய்வு. திரையில் ஓடிய புள்ளி கையெட்டும் தூரத்தில் மிதப்பதாக நம்பி, பூச்சி வெறுங்காற்றைப் பிடித்தது. 2018இல் அதே குழு சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. நாம் இரு கண்ணிலும் விழும் படங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அது எங்கே மாற்றம் நடக்கிறது என்பதை மட்டும் ஒப்பிடுகிறது. இதையெல்லாம் அண்ணன் படித்ததில்லை. நூல் போதும் அவருக்கு.

போன ஞாயிறு ஒரு படம் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"பொட்டு ரெண்டும் சரியா இருக்கு. முன்னங்காலை எங்கடா வெட்டிப்போட்ட?"