இறுதிச் சொல் யாருடையது?

ஒரு கலைப்படைப்பைப் பற்றி இறுதிச் சொல் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? படைத்தவனுக்கா, திறனாய்வாளனுக்கா, அல்லது காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துப் போற்றும் சுவைஞனுக்கா? இலக்கிய உலகுக்குப் பழகிய இவ்வினா, இங்கிலாந்தின் இசையன்பர்களிடையே அரை நூற்றாண்டாக ஓயாமல் எழுந்துகொண்டிருக்கிறது. அதற்குக் காரணமாய் அமைந்தது 'புரோகிரசிவ் ராக்' என்னும் இசைவகை.

இப்பெயர் குறிக்கும் முற்போக்கு, அரசியல் முற்போக்கு அன்று. மூன்று நிமிடப் பாட்டு என்ற வேலியைத் தாண்டி, மேலைச் செவ்வியல் இசையின் விரிவையும் ஜாஸ் இசையின் கட்டற்ற போக்கையும் ராக் இசைக்குள் கொண்டுவர முயன்ற இளைஞர்களின் துணிவு அது. 1969 அக்டோபரில் கிங் கிரிம்சன் குழுவின் முதல் இசைத்தட்டு, அலறும் முகம் ஒன்றை அட்டையில் தாங்கி வெளிவந்தது. 1972 செப்டம்பரில் யெஸ் குழுவினர் 'குளோஸ் டு தி எட்ஜ்' தட்டின் ஒரு பக்கம் முழுவதையும், பதினெட்டு நிமிடங்களுக்கு மேல், ஒரே பாட்டால் நிரப்பினர்.

இத்தகைய தட்டு, கேட்பவரிடம் பொறுமையைக் கேட்டது. மாணவர் விடுதி அறையில் நால்வர் கூடுவர். வாங்கியவர் தட்டைச் சுழலவிடுவார். மற்றவர் அதன் அட்டையைக் கைமாற்றிப் பார்த்திருப்பர். ஒரு பக்கம் முடியும்வரை பேச்சில்லை. ஊசி மையத்தை அடைந்து கரகரக்கத் தொடங்கியதும் வழக்கும் தொடங்கிவிடும்.

அவ்வழக்குகளுள் பெரியது, அதே யெஸ் குழு 1973 டிசம்பரில் வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' பற்றியது. பாடகர் ஜான் ஆண்டர்சன், பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' நூலில், நம் சாத்திரங்களைப் பற்றிய ஓர் அடிக்குறிப்பைப் படித்தார். அச்சிறு குறிப்பு, இரண்டு தட்டுகள், நான்கு பக்கங்கள், நான்கே பாடல்கள் என எண்பது நிமிடங்களுக்கு விரிந்தது. "இது தியானம்" என்றார் ஒரு சாரார். "இது வீக்கம்" என்றார் மறுசாரார். விசைப்பலகைக் கலைஞர் ரிக் வேக்மனுக்கே அப்படைப்பு பிடிக்கவில்லை. மான்செஸ்டர் மேடையில் அது நிகழ்ந்துகொண்டிருக்கையிலேயே கறியுணவு உண்டதாக அவரே பின்னாளில் சொல்லிச் சிரித்ததுண்டு. 1974-இல் அவர் குழுவை விட்டு விலகினார். வாசித்தவரே கைவிட்ட இசையை, கேட்டவர் பலர் இன்றும் கைவிடவில்லை!

இதற்கு நேர்மாறான வழக்கும் உண்டு. ஜெத்ரோ டல் குழுவின் 'ஆக்வாலங்' (1971) ஒரே கருத்தைச் சுற்றிப் பின்னப்பட்டது என்றனர் திறனாய்வாளர். இல்லை என்று மறுத்தார் அதன் தலைவர் இயான் ஆண்டர்சன். "அதுதான் வேண்டுமென்றால் இதோ" என்பதுபோல், 1972-இல் 'திக் ஆஸ் எ பிரிக்' தட்டை வெளியிட்டார். இரு பக்கங்களும் ஒரே பாடல்; அட்டையோ ஒரு போலி நாளிதழ்; பாடலை எழுதியவன் எட்டு வயதுச் சிறுவன் என்று ஒரு கட்டுக்கதை. கேலியாய்ப் பிறந்த அதைச் சுவைஞர்கள் நெஞ்சார ஏற்றுக்கொண்டனர். படைத்தவன் நகைத்ததில் கேட்டவன் உருகினான் என்றால், பிழை யாருடையது? பிழையே இல்லை என்பதுதான் உண்மை போலும்.

ஆயினும், சுவைஞனுக்கும் சோதனை வந்தது. 1976, 77-ஆம் ஆண்டுகளில் பங்க் இசை எழுந்தபோது, நீண்ட பாடல்களை விரும்புவதாகச் சொல்வதே நாணத்துக்குரியதாயிற்று. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் பெயர் பொறித்த சட்டையில், 'வெறுக்கிறேன்' என்று தம் கையால் எழுதிச் சேர்த்து அணிந்தார் பங்க் பாடகர் ஜான் லைடன். நேற்றுவரை தாம் போற்றிய தட்டுகளைப் பற்றி வாய் திறக்கத் தயங்கினர் சிலர். கருத்து மாறுவது குற்றமன்று. காது மாறாமலே வாய் மட்டும் மாறுவதுதான் இழிவு. பல்லாண்டுகள் கழித்து லைடனே, அக்குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) தமக்குப் பிடித்ததுதான் என்று ஒப்புக்கொண்டார். வெறுப்பின் கொடியைத் தூக்கியவர் உள்ளத்திலும் அந்த இசை ஒளிந்திருந்தது.

அன்றைய மாணவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். யெஸ் குழுவின் பேஸ் கிட்டார்க் கலைஞர் கிறிஸ் ஸ்குவையர் 2015-இல் மறைந்தார். 'குளோஸ் டு தி எட்ஜ்' தட்டை ஸ்டீவன் வில்சன் புதிதாய் ஒலிக்கலவை செய்து தர, 2013-இல் அது மீண்டும் வெளிவந்தது. பழையதே சிறந்தது என்று ஒருவரும், இப்போதுதான் எல்லாக் கருவியும் தெளிவாய்க் கேட்கிறது என்று மற்றவரும் வாதிடுகின்றனர். தலை நரைத்தும் வழக்கு நரைக்கவில்லை.

இவ்வழக்குகளில் எவரும் எவரையும் வென்றதாகத் தெரியவில்லை. ஆனால் நல்ல சுவைஞர் ஒருவர், "அந்த மூன்றாம் பக்கத்தை நீ சரியாகக் கேட்கவில்லை" என்று சொல்லும்போது, எதிரே இருப்பவர் சினத்தோடாவது வீடு சென்று அதை மறுபடியும் சுழலவிடுகிறார். அங்கே அவருக்குப் புதிதாய் ஒன்று புலப்படலாம், புலப்படாமலும் போகலாம். எப்படியாயினும், இசை இன்னும் ஒருமுறை ஒலித்துவிடுகிறது. இறுதிச் சொல் யாருக்கும் உரியதன்று. இன்னொரு முறை கேட்கத் துணிபவருக்கு அடுத்த சொல் மட்டுமே உரியது. அதுவே போதுமானது அன்றோ?