தாளின் பின்பக்கம்

முதல் வருடம் நான் செய்த தப்பு, போட்டி வைத்தது. சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மதியம் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். ‘மாதவிடாய் சுகாதாரம்’ என்று தலைப்புக் கொடுத்தேன். இருபத்திரண்டு படம் வந்தது. எல்லாவற்றிலும் தாமரைப்பூ, இல்லையென்றால் நாப்கின் பாக்கெட். கீழே ஒரு வாசகம். ஆஸ்பத்திரிச் சுவருக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். ஒரு படத்தில்கூட யாருக்கும் வயிறு வலிக்கவில்லை.

தலைப்புத்தான் கோளாறு என்று பிறகு புரிந்தது. அந்தச் சொல் இவர்கள் வீட்டில் புழங்குவதில்லை. அடுத்த வருடம் வண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு, வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று சேர்க்கச் சொன்னேன். தூரம், தீட்டு, வீட்டுக்கு விலக்கு, மூணு நாள், தலைக்கு ஊத்தியிருக்கு, தள்ளி உக்காந்திருக்கா என்று பத்தொன்பது சேர்ந்தது. “ஒண்ணுலகூட ரத்தம் இல்ல டீச்சர். முக்காவாசி இடம், இல்லேன்னா நாளு” என்றாள் ஒன்பதாம் வகுப்புக்காரி ஒருத்தி. நான் தமிழ் வாத்தியாராக இருந்திருந்தால் அதற்கே முழு மார்க் போட்டிருப்பேன். இத்தனைக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்குத் தங்க மையில் பத்திரிகை அடித்து அனுப்புகிற ஊர் எங்களுடையது.

இங்கே தாளுக்குப் பஞ்சமில்லை. அச்சகத்தில் ஷேடு சரியில்லை என்று ஒதுக்கிய தினசரி காலண்டர் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். முன்பக்கம் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம், பின்பக்கம் வெறுமை. ஆளுக்கு ஒரு கட்டு கொடுத்தேன். தினமும் பின்பக்கத்தில் ஒரு வரி, அல்லது ஒரு கோடு, அல்லது ஒரு நிறம். உடம்பு இன்றைக்கு எப்படி இருக்கிறது என்பது மட்டும். கவிதை வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். கவிதை என்றாலே தாமரை திரும்பி வந்துவிடும்.

ஒரு தாள் உள்ளங்கைக்குள் மடங்கும். அதனால்தான் எழுதினார்கள் என்று நினைக்கிறேன். நோட்டாக இருந்தால் அண்ணன் புரட்டுவான்.

சிவப்பு கிரேயானை முதலில் யாரும் தொடவில்லை. தொட்டவர்களும் ரோஸ் நிறத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அப்பா ஆப்செட் பிரஸ்ஸில் வேலை பார்க்கிற ஒருத்திதான், மெஜந்தாவும் மஞ்சளும் எவ்வளவு சேர்த்தால் எந்தச் சிவப்பு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதல் நாள் கருப்பட்டி நிறம், ரெண்டாம் நாள் செம்பருத்தி, நாலாம் நாள் துரு. ஏழு சிறு கட்டங்களாக அவள் தீட்டிக் காட்டியதைப் போல ஒரு துல்லியத்தை நான் ஓவியக் கல்லூரியில் பார்த்ததில்லை.

அந்தக் கட்டங்களை ஒரு பள்ளிக் கண்காட்சியில் மாட்டினேன். அவளிடம் கேட்டுத்தான் மாட்டினேன். மதியத்துக்குள் கழற்றச் சொல்லிவிட்டார்கள். மறுவாரம் அவள் வகுப்புக்கு வரவில்லை. பதினாலு வயதுப் பிள்ளை தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் தப்பு. அன்றிலிருந்து சுவரில் எதையும் ஒட்டுவதில்லை. தாள் அவரவர் வீட்டுக்குப் போகும். அவர்களாகக் காட்டினால் பார்ப்பேன்.

காட்டினார்கள். பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறிவதாக நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். ‘போட்டா கக்கூஸ் கறுப்பா போகுது, பயமா இருக்கு.’ அந்த மாத்திரைக்கு மலம் கறுக்கும், அதில் கெடுதல் இல்லை. வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும். கூடவே டீ குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது. இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் போதும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. மாத்திரை வருகிறது, அந்த ரெண்டு நிமிஷம்தான் வருவதில்லை.

நாப்கினும் அப்படித்தான். 2012-ல் தொடங்கிய, பிள்ளைகளுக்கு இலவச நாப்கின் தரும் புதுயுகம் திட்டத்தின் கணக்கு, ரெண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு நாப்கின். ஒருத்தி தாளில் வகுத்தே காட்டிவிட்டாள்: ஒரு தடவைக்கு ஒன்பது, ஆறு மணி நேரத்துக்கு ஒன்று மாற்றினால் மூன்று நாள்கூடத் தாங்காது, மிச்ச நாளைக்கு அம்மாவின் பழைய சேலை. இலவசம் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. கணக்குப் போட்டவர்கள் இவளிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

உடம்பைப் பற்றி அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வரச் சொன்ன வாரம்தான் கனமானது. பயராபீசில், அதாவது பட்டாசு ஆலையில், குரோசுக் கணக்கில் கூலிக்கு வேலை பார்க்கும் ஓர் அம்மா சொல்லி மகள் எழுதியது: ‘எந்திரிச்சுப் போனா குரோசு குறையும். அதனால தண்ணி குடிக்கிறதில்ல.’ வருஷத்துக்கு நாலு தடவை நீர்க்கடுப்பு. கூடவே கை வரைந்திருந்தாள். அலுமினியப் பொடி படிந்த கைக்குப் பென்சிலின் சாம்பல் நிறமே போதுமானதாக இருந்தது.

இன்னொருத்தியின் தாள்களை வரிசையாக அடுக்கினால் பதினாறு நாளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் ஒன்பது நாள். இந்த வயதில் 21 முதல் 45 நாள்வரை இடைவெளி முன்பின்னாக இருக்கலாம். உதிரப்போக்கு ஏழு நாளைத் தாண்டினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவள் அம்மாவோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது வாயைத் திறக்கவில்லை. தாள்கட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். நான் இந்த வகுப்பை எதற்கு நடத்துகிறேன் என்று கேட்பவர்களுக்கு அந்தக் கட்டைத்தான் சொல்வேன்.

உடம்பை எழுதுவது நம்ம ஊர்ப் பழக்கமா என்று ஒரு பெரியவர் கேட்டார். இங்கிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஆண்டாளின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர். அவளுடைய திருப்பாவை முப்பதையும் மார்கழியில் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அவள் உடம்பை எழுதிய நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களைப் பிள்ளைகள் கண்ணில் காட்டுவதில்லை. இதே மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த எழுத்தாளர் பாமாவின் ‘சங்கதி’ நாவல் 1994-லேயே வந்துவிட்டது. அதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற சிறுமி இருக்கிறாள். பழக்கம் இருந்தது. நாம்தான் விட்டுவிட்டோம்.

போன மாசம் எட்டாம் வகுப்புச் சின்னவள் ஒருத்தி தாளைத் திருப்பி முன்பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். “ராகுவுக்கு நேரம் போட்டிருக்கு, எமனுக்குப் போட்டிருக்கு. எனக்கு மட்டும் இடம் விடல” என்றாள்.

ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் போடும் சிவகாசி அச்சக முதலாளிமாருக்கு இதையே வேண்டுகோளாக வைக்கிறேன். தினசரித் தாளின் ஓரத்தில், எமகண்டத்துக்குக் கீழே, ஒரு சின்ன வட்டம் போடுங்கள். பேர் எதுவும் வேண்டாம், காலியாக விட்டால் போதும்.