ஐந்து குண்டு, ஒரே ஓட்டை!

துப்பாக்கி சுடுதல் என்றால் எனக்கு ஒலிம்பிக் மட்டும்தான் தெரியும். போன வாரம் நைட் ஷிஃப்ட்டில், அமெரிக்காவில் நடக்கும் 'பென்ச்ரெஸ்ட்' போட்டியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மேஜை மேல் மணல் பை, அதன் மேல் ரைஃபிள். ஐந்து குண்டுகளும் ஒரே ஓட்டையில் இறங்க வேண்டும். 1973-ல் மேக் மெக்மில்லன் 100 கஜ தூரத்தில் சுட்ட ஐந்து குண்டுகளின் விலகல் வெறும் 0.009 அங்குலம். 40 வருஷம் அதை யாராலும் முந்த முடியவில்லை.

பலர் குண்டையே சொந்தமாகச் செய்கிறார்கள். செம்பு உறைக்குள் ஈயத்தை வைத்து, அச்சில் அழுத்தி, ஒவ்வொன்றாக எடை பார்ப்பார்கள். சோதிக்கும்போது மருந்தின் அளவை மாற்றினால் வேறு எதையும் தொடுவதில்லை. நன்றாக விழுந்தாலும் உடனே நம்பாமல் மறுபடி சுடுவார்கள். காற்று கைகொடுத்திருக்கலாம் இல்லையா?

எனக்குச் சுருக்கென்றது. போன மாதம் ஒரு செய்திக்குத் தலைப்பு, படம் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். வியூஸ் எகிறியது. "தலைப்புதான் சார் காரணம்" என்று மீட்டிங்கில் பாராட்டு வாங்கிக்கொண்டேன். படத்தைத் தேடித் தந்தது புதிதாகச் சேர்ந்த தம்பி.

நேற்று அவனிடம் ஸாரி சொன்னேன். "பரவாயில்லக்கா" என்றான், முகத்தைப் பார்க்காமல். இந்த வாரம் தலைப்பைத் தொடாமல் படத்தை மட்டும் மாற்றிப் பார்க்கிறோம்.

சாரிடம் இன்னும் சொல்லவில்லை. திங்கள்கிழமை மீட்டிங் இருக்கிறது.