கடல் கடக்கும் மிக்ஸியும் மின்மாற்றியும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த மணலூர்பேட்டை, தை மாத ஆற்றுத் திருவிழாவுக்கும் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கும் பெயர்பெற்ற பேரூராட்சியாகும். இதுபோன்ற ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் குடும்பங்களின் பெட்டிகளில் ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் அருகே ஒரு மிக்ஸியும் இடம்பெறுவதை இன்று பரவலாகக் காணலாம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் இக்கருவிகளை எளிய வீடுகளுக்கும் கொண்டுசேர்த்தது; அம்மியும் ஆட்டுக்கல்லும் ஓரத்துக்குப் போயின. பழச்சாற்றுக்காக அமைந்த அயல்நாட்டு பிளெண்டரில் தேங்காய்த் துவையல் பதமாக அரைபடாது. ஊறிய உளுந்து பொங்கப் பொங்க ஆட்டப்படாது. ஆகவே, மிக்ஸியைக் கடல் கடந்து சுமப்பதை வீண் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட இயலாது. அது நாவின் நியாயமான தேவை. அந்தத் தேவை நிறைவேறுவதற்கு, போய்ச் சேரும் நாட்டின் மின்சாரம் எத்தகையது என்ற அறிவு வேண்டும்.

மின்சாரம் எங்கும் ஒன்றே என்ற எண்ணத்திலிருந்துதான் பெரும்பாலான சேதங்கள் தொடங்குகின்றன. இந்தியாவில் வீட்டு இணைப்பின் மின்னழுத்தம், அதாவது மின்னோட்டத்தைக் கம்பி வழியே உந்தும் விசையின் அளவு, 230 வோல்ட்; மின்னோட்டம் திசை மாறி மாறி அலையும் வேகத்தைக் குறிக்கும் அலைவெண், நொடிக்கு 50 சுழற்சி, அதாவது 50 ஹெர்ட்ஸ். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இலங்கையிலும் இவ்விரு அளவுகளும் இவ்வாறே இருப்பதால், அங்கெல்லாம் பிளக்கின் வடிவத்தை மாற்றித்தரும் சிறிய அடாப்டர் ஒன்றே போதுமானது. அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட் என்பதோடு, கிழக்குப் பகுதியில் 50, மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ் என ஒரே நாட்டுக்குள் இரு அலைவெண்கள் வழங்குகின்றன. 1890களில் டோக்கியோ ஜெர்மானிய மின்னாக்கிகளையும் ஒசாகா அமெரிக்க மின்னாக்கிகளையும் வாங்கியதன் விளைவு அது. நியூயார்க்கில் 1882இல் எடிசன் தொடங்கிய, விளக்குகளுக்கான மின்வழங்கல் ஏறத்தாழ 110 வோல்ட்டில் அமைந்தது. பெர்லின் நகரமோ அந்நூற்றாண்டின் இறுதியில் 220 வோல்ட்டைத் தேர்ந்தது. அன்றைய முடிவுகளின் பலனை இன்று ஒரு மிக்ஸியின் மோட்டார் அனுபவிக்கிறது.

இந்த மின்னழுத்த வேறுபாட்டை ஈடுசெய்யும் கருவிதான் மின்மாற்றி. மெல்லிய உருக்குத் தகடுகளை அடுக்கிச் செய்த உள்ளகத்தின்மீது இரண்டு செப்புக் கம்பிச் சுருள்கள் சுற்றப்பட்டிருக்கும். ஒன்றில் பாயும் மாறுமின்னோட்டம் உள்ளகத்தில் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்க, அப்புலம் மற்றொன்றில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. ஃபாரடே 1831இல் கண்டறிந்த இத்தத்துவத்தை, புடாபெஸ்டின் கான்ஸ் தொழிற்சாலைப் பொறியாளர்கள் மூவர் 1885இல் நடைமுறைக்கேற்ற மின்மாற்றியாக்கினர். சுருள்களின் சுற்று எண்ணிக்கை எந்த விகிதத்தில் உள்ளதோ, மின்னழுத்தமும் அந்த விகிதத்தில் ஏறும் அல்லது இறங்கும். 120ஐ 230 ஆக்குவது ஏற்று மின்மாற்றி, 230ஐ 120 ஆக்குவது இறக்கு மின்மாற்றி. எனினும் எந்த மின்மாற்றியாலும் அலைவெண்ணை மாற்ற இயலாது. கடைகளில் வாங்குவோருக்குப் பெரும்பாலும் சொல்லப்படாத உண்மை இதுவே.

இந்த வரம்பு எல்லாக் கருவிகளையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. மிக்ஸியில் இருப்பது கரித்துண்டுகள் உரசிச் சுழலும் யுனிவர்சல் மோட்டார். அதன் வேகம் அலைவெண்ணைச் சார்ந்ததல்ல என்பதால், ஏற்று மின்மாற்றியின் துணையோடு அமெரிக்காவிலும் அது ஊரில் ஓடியது போலவே ஓடும். கிரைண்டரில் இருப்பது தூண்டல் மோட்டார். அதன் வேகத்தை அலைவெண்தான் தீர்மானிக்கிறது. கோயம்புத்தூர் கிரைண்டர் ஒன்றை 60 ஹெர்ட்ஸ் நாட்டில் மின்மாற்றி வைத்து ஓட்டினால், கற்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுழலும். மோட்டாரின் இழுவிசை குறையும். மாவும் விரைவில் சூடேறும். முன்பு 127 வோல்ட் வழக்கில் இருந்து இப்போது 230க்கு மாறிவரும் சவூதி அரேபியாவிலும் அலைவெண் 60 ஹெர்ட்ஸ்தான் என்பதால், அங்கு மின்னழுத்தம் பொருந்தினாலும் இந்த வேறுபாடு நீங்காது. அமெரிக்கா செல்வோருக்குச் சரியான தீர்வு, அந்நாட்டுக்கென்றே 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மோட்டாருடன் தமிழ்நாட்டிலேயே தயாராகும் கிரைண்டரை வாங்குவதாகும்.

அடுத்துக் கருத வேண்டியது தாங்கும் திறன். 750 வாட் மிக்ஸி ஓடத் தொடங்கும் நொடியில் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், அதற்கு 1500 வாட் தாங்கும் மின்மாற்றியே பாதுகாப்பானது. வெப்பக் கருவிகளின் கணக்கு வேறு. அமெரிக்க வீட்டின் சாதாரண சுவர் இணைப்பு 15 ஆம்பியர், அதாவது உச்சமாக 1800 வாட்டே தரும். 2000 வாட் கெட்டிலை எந்த மின்மாற்றியைக் கொண்டும் அதில் ஓட்ட முடியாது. கெட்டில், இஸ்திரிப் பெட்டி முதலியவற்றை அங்கேயே வாங்கிக்கொள்வதுதான் அறிவுடைமை. கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றின் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை. அவற்றுக்கு மின்மாற்றியே தேவையில்லை.

திரும்பி வரும் வழியில் ஆபத்து இன்னும் பெரிது. குறைந்த மின்னழுத்தத்தில் இணைக்கப்பட்ட கருவி சோர்ந்து நிற்கும். மிகுந்த மின்னழுத்தத்தில் இணைக்கப்பட்டதோ எரிந்துபோகும். வெப்பக் கம்பி செலவிடும் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அமெரிக்காவிலிருந்து அன்போடு கொண்டுவந்த 1000 வாட் காபி தயாரிப்புக் கருவியை மணலூர்பேட்டை வீட்டுச் சுவரில் நேரடியாகச் செருகினால், அது அக்கணத்தில் 3600 வாட்டுக்கு மேல் இழுக்கும். அடாப்டர் பிளக்கைப் பொருத்தித் தருமே அன்றி மின்னழுத்தத்தைக் குறைக்காது என்பது அறியப்படாததால், பரிசாக வந்த பொருள் புகையாகிறது. வீட்டுக்கும் தீ அபாயம் நேர்கிறது.

இவ்வளவையும் தவிர்க்கத் தேவையான செய்தி ஒவ்வொரு கருவியின் அடியிலும் ஒட்டப்பட்ட சிறு தகட்டில் அச்சாகியுள்ளது: வோல்ட், ஹெர்ட்ஸ், வாட் என்ற மூன்று எண்கள். தமிழ்நாட்டு மேல்நிலை இயற்பியல் பாடத்தில் மின்மாற்றியின் சுற்று விகிதத்தை மாணவர்கள் படிக்கிறார்கள், கணக்கும் போடுகிறார்கள். வகுப்பறைக்கு ஒரு மிக்ஸியைக் கொண்டுவந்து கவிழ்த்து, அந்தத் தகட்டைப் படிக்கச் சொல்லி, இது அமெரிக்காவில் ஓடுமா என்று ஆசிரியர் கேட்டால், அந்தக் கணக்கு தேர்வோடு முடியாமல் வீட்டுக்குப் போய்ச் சேரும். வெளிநாடு செல்லும் பிள்ளைக்குப் பெட்டி கட்டும் பெற்றோரும், ஊருக்குப் பரிசு வாங்கும் பிள்ளைகளும் அந்த மூன்று எண்களைப் படித்த பிறகே பொருளைப் பெட்டியில் வைக்க வேண்டும்.